சொல்லிட்டு வைக்கிற மனுசன்

அவர் எங்கே போனாலும் மருந்தைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறந்துவிடுவார். திருத்தங்கலில் எங்கள் காலண்டர் பிரஸ்ஸுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கரப்பான் மருந்து வைக்க வந்த அன்றைக்குத்தான் அவரை முதலில் பார்த்தேன். ஊசிக்குழாய் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக்கடையில் நின்றார். ஆறேழு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேட்டுக்கங்க. அலமாரிக்கு அடியில, அடுப்புக்குப் பின்னால, சிலிண்டர் மூலையில புள்ளி புள்ளியா மருந்து வைக்கப் போறேன். கை பட்டா சோப்புப் போட்டுக் கழுவணும்."

டீ மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "சார், மெதுவாச் சொல்லுங்க. கடையில கரப்பான் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்."

"கரப்பான் இருக்குன்னு தெரிஞ்சா தப்பில்ல மாஸ்டர். மருந்து இருக்குன்னு தெரியாம இருந்தாத்தான் தப்பு."

"குடிக்கிற டீயில வைக்கலையே சார்?" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த ஆளின் கிளாஸை எட்டிப் பார்த்து, யோசித்துவிட்டு, "இல்ல" என்றார்.

"வைக்கிறது விஷம். சொல்லிட்டு வச்சா மருந்து. சொல்லாம வச்சா அதுக்குப் பேரு வேற" என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஒரு வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாவிட்டால், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையிடமாவது சொல்லிவிட்டுத்தான் வைப்பார் என்று மாஸ்டர் கேலி செய்வார்.

சொல்லும்போது வலது கை ஆள்காட்டி விரலால் இடத்தைக் காட்டுவார். அந்த விரல் பாதிதான் இருக்கும். சின்ன வயதில், வெடிக்காமல் கிடந்த வெடியை எடுத்துப் பார்த்த விரல். எங்கள் பக்கம் விரல் எங்கே என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எந்த வெடிக் கம்பெனி என்று வேண்டுமானால் கேட்போம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புதிய ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. பிரஸ்ஸின் பேப்பர் குடோனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே பேச வேண்டியதில்லை. மேலே ஒரே ஒரு சின்ன ஜன்னல், சுற்றிலும் கூரை வரை அடுக்கிய தாள். அங்கே ஒரு நாள், மேல் கட்டுகளை இறக்கிவிட்டு அடியில் இருந்த கட்டைத் தூக்கினேன். பிள்ளையைத் தூக்குவது போல லேசாக வந்தது. மேல் தாளில் மகாலட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே தாளே இல்லை. எல்லாம் மண்.

மண்ணெண்ணெய் ஊற்றினோம், பவுடர் தூவினோம். ஒரு மூலையில் மறைந்த கரையான் இன்னொரு மூலையில் ஏறியது. கடைசியில் முதலாளி அவரை வரச்சொன்னார். விருதுநகர் பக்கம் சூலக்கரையிலிருந்து மொபெட்டில் வந்து இறங்கினார். கம்பெனிச் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். விலங்கியல் படித்தவர் என்று பிறகு தெரிந்தது.

குடோனின் வெளிச்சுவர் ஓரமாகக் குழி தோண்டி, வட்ட மூடி போட்ட டப்பாக்களைப் புதைத்தார். உள்ளே வைக்கப்போவது மரக்கூழ் மாதிரி ஈரமான இரை. அதில்தான் மருந்து. வழக்கம்போல முதலில் சொல்ல ஆரம்பித்தார். கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

"அண்ணாச்சி, நமக்கு எலும்பு உள்ள இருக்கு. பூச்சிக்கு வெளிய இருக்கு. அது போட்டிருக்கிற சட்டைதான் அதுக்கு எலும்பு. உடம்பு வளரும், சட்டை வளராது. அப்ப என்ன ஆகும்?"

"கிழியும்."

"சும்மா கிழிஞ்சா செத்துரும். அதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள புதுச் சட்டை தயாரா இருக்கணும். உங்க பிரஸ்ஸு மாதிரி அங்கயும் மூணு செக்‌ஷன் இருக்குன்னு வச்சுக்கங்க. ஒண்ணு, பழைய சட்டைய உள்பக்கமாக் கரைச்சுக் கழட்டி விடுறது. ரெண்டாவது, சர்க்கரை மாதிரி ஒரு சரக்க எடுத்து நூல் நூத்துப் புதுசு நெய்யிறது. மூணாவது, நெய்ததைக் காய வச்சுக் கெட்டியாக்கிறது. மூணு வேலையும் செய்றது நொதி."

நொதித்துப்போன கஞ்சிதான் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். தொடையைத் தட்டிக்கொண்டார்.

"அதுவும் நொதி செய்ற வேலைதான் அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை. ஒரு வேலைய முடிச்சிட்டு, தான் தேயாம அடுத்த வேலைக்குப் போயிரும்."

"கூலி?"

"கேக்காது."

"மொதலாளிக்குச் சொல்லிராதீக" என்றேன். நான் எப்போதாவதுதான் இப்படிப் பேசுவேன். அவர் அதற்கு வெகுநேரம் சிரித்தார்.

மூன்றாவது செக்‌ஷனின் வேலையை டீக்கடையில் ஒரு நாள் காட்டினார். அடுப்புக்குப் பின்னால் பால் வெள்ளையாக ஒரு கரப்பான் நின்றது. பக்கத்தில் அதன் பழைய சட்டை, முதுகு பிளந்து, கால்கள் எல்லாம் அப்படியே, ஆள் இல்லாமல் நின்றது. மாஸ்டர் அதை வேறு ஜாதிக் கரப்பான் என்றார். "அதே ஜாதிதான். இப்பத்தான் வெளிய வந்திருக்கு. காத்தைக் குடிச்சு உடம்பைப் பெருசாக்கிக்கிட்டு இருக்கு. சாயங்காலம் பாருங்க" என்றார். சாயங்காலம் அது பழுப்பாகி, மற்றதைப் போல ஓடியது. "அச்சடிச்ச மை காயிற மாதிரிதான். ஆனா வெளிய வந்த பெறகு காயணும். உள்ளயே காஞ்சுபோச்சுன்னா, அது போட்ட சட்டையே அதுக்குப் பெட்டி."

கரையான் மருந்து இரண்டாவது செக்‌ஷனின் கையைக் கட்டிப்போடும். அவ்வளவுதான் அதன் வேலை. முதல் செக்‌ஷனுக்கு அது தெரியாது. அது பாட்டுக்குப் பழைய சட்டையைக் கழற்றும். கழற்றிய பிறகு போட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

"பெருசுகளுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. அதுக சட்டை மாத்துற வயசத் தாண்டிருச்சு. இரையக் கொண்டுபோயி குஞ்சுகளுக்கு ஊட்டும். குஞ்சுகதான் தேறாது. பெருசுக ஆயுசு முடியிற வரைக்கும் ஓடியாடி வேலை பாக்கும். அடுத்த ஷிப்ட் வராது."

"ராணி?"

கொஞ்சம் தயங்கினார். "ராணிக்கும் மருந்தால ஒண்ணும் ஆகாது. அது பெருத்துப்போயி ஒரே ரூம்ல கெடக்கும். ரூமுக்கு வாசல் சின்னது. வெளிய வர முடியாது. முட்டை வச்சுக்கிட்டே இருக்கும். ஊட்ட ஆள் இருக்கிற வரைக்கும் இருக்கும். கடைசியாப் போறது அதுதான்."

அன்றைக்குக் குடோனைப் பூட்டும்போது அந்த ரூமை நினைத்துக்கொண்டேன்.

கரையான் வந்த வழியைத் தோண்டிப் பார்த்ததில் அது சுவரைத் தாண்டி, வேப்பமரத்தடியில் இருந்த புற்றுக்குப் போனது. அங்கேதான் சிக்கல். அது பைண்டிங் செக்‌ஷன் பெண்களின் அம்மன். மஞ்சள் துணி கட்டி, வெள்ளிக்கிழமை பால் ஊற்றுவார்கள். வெள்ளிக்கிழமை என்றில்லை, தினமும் காலையில் வேலைக்கு ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் புற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவர்கள் வீட்டு ஆண்கள் பெரும்பாலும் வெடிக் கம்பெனிகளில் வெடிமருந்து வேலைக்குப் போகிறவர்கள். வேண்டுதல் ஒன்றுதான். காலையில் போன ஆள் சாயங்காலம் வரவேண்டும்.

முதலாளி எங்கள் இருவரையும் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"புத்தத் தொடக்கூடாது. நானும் கும்பிடுறவன்தான். பொம்பளைகளுக்கு இது தெரியவும் கூடாது."

"சொல்லாம வைக்க மாட்டேன் சார்" என்றார் அவர்.

"தம்பி, மருந்தைப் புத்துலயா வைக்கீக? என் குடோன் சுவத்தோரம் வைக்கீக. குடோன் என்னது. என்கிட்டச் சொல்லிட்டீகள்ல? நான் கேட்டுக்கிட்டேன்."

"அந்த அக்காமாரு…"

"ஆடி பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் போடணும். அதுல இருந்து சீசன். ஒருத்தி கோவிச்சுக்கிட்டுப் போனா எல்லாரும் போயிருவாக. கரையான் தின்னது போக மிச்சத் தாள்லதான் அவுகளுக்கும் வேலை. யோசிச்சுக்கங்க."

அவர் யோசித்தார். அவருடைய கம்பெனியிலும் போனில் அதையேதான் சொன்னார்கள். வெளியே வந்து டப்பாக்களில் இரையை வைத்து, மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். பெண்கள் பக்கத்திலேயே, திரும்பிப் பார்க்காமல், டிபன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவருடைய வாய் திறந்து திறந்து மூடியது. அப்படி ஒரு வேலையை அவர் சத்தமில்லாமல் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பைண்டிங்கில் மூத்தவர் செல்லத்தாய் மதினி. என் வீட்டுக்காரிக்கு அக்கா முறை. புற்றுக்கு விளக்கு வைப்பது அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை மருந்துக்காரர் டப்பாக்களைப் பார்க்க வந்தபோது மதினி ஓடிவந்து கூப்பிட்டார்.

"பூச்சி சார், இங்கன வந்து பாருங்க! அம்மன் பக்கத்துல வட்டம் வட்டமா முளைச்சிருக்கு!"

டப்பா மூடிகள்தான். எல்லா மூடிகளிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பாலும் ஊற்றியிருந்தது. மல்லிகைப் பூவும் கிடந்தது.

"அக்கா, அது… டப்பா."

"என்ன டப்பா?"

அவர் முதலாளி ரூம் ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஈரம் பாக்குற டப்பா."

மதினி கொஞ்சம் யோசித்தார். "ஈரம் பாக்குறதுன்னாலும் அம்மன் பக்கத்துலதானே இருக்கு? ஒரு பொட்டு இருந்துட்டுப் போகட்டும் சார்."

அவர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் வந்து உட்கார்ந்தார். பால் இறங்கி இரையெல்லாம் புளித்துக் குமிழி விட்டிருந்தது. "நொதிச்சுப்போச்சு" என்றார். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். அதற்குப் பிறகு வெள்ளிதோறும் இது நடந்தது. அவர்கள் பால் ஊற்றுவார்கள், இவர் மாற்றுவார். பொட்டை மட்டும் அழிக்க மாட்டார்.

ஆவணி வாக்கில் குடோனில் கரையான் தடம் எல்லாம் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது. முதலாளி சந்தோஷப்பட்டு இன்னொரு குடோன் வேலையையும் கொடுத்தார். வேலையை வாங்கிக்கொண்டவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. வேப்பமரத்தடியில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை வந்தா தெரிஞ்சிரும் அண்ணாச்சி."

எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஐப்பசி மழையிலும் புற்று கொஞ்சம் கரையும். மறுநாளே கரையான் மண் எடுத்துப் பூசி, முன்னை விட உயரமாக்கிவிடும். "அம்மா வளந்துட்டா" என்று பெண்கள் குலவை போடுவார்கள். அந்த வருஷம் எடுத்துப் பூச உள்ளே ஆள் இல்லை. புற்று கரைந்து உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெண்கள் என்ன நினைப்பார்கள்? அதற்கப்புறம் ஏதாவது ஒரு கம்பெனியில் ஏதாவது நடந்தால்? அதை அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மழைக்கு ஏங்காதவர்கள் கிடையாது. அந்த வருஷம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மழை வேண்டாம் என்று இருந்தோம்.

தீபாவளிக்கு முன்னால் பெய்தது. காலையில் குடோனைத் திறக்க நான் சீக்கிரமே போனேன். வேப்பமரத்தடியில் மொபெட் நின்றது. கம்பெனிச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு அவர் மண்டி போட்டிருந்தார். புற்றின் ஒரு பக்கம் சரிந்து பெரிய ஓட்டை தெரிந்தது. சரிந்த மண்ணையே பிசைந்து, வெறுங்கையால் அப்பிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "சொல்லாதீக அண்ணாச்சி" என்றார்.

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நான் போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

மண் காய்வதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர் குடோனுக்குள் தாள் கட்டுகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார். வெளியே ஒரு பெண் கத்தினாள்.

"ஏய், இங்க வந்து பாருங்கடி! கை!"

"ஆமாடி! தடவுன மாதிரி வெரல் தடம்!"

"மூணு நீளமா இருக்கு. ஒண்ணு மட்டும் கட்டையா இருக்கே?"

பிறகு முதலில் கத்தியவளே, "நம்ம அம்மனுக்கும் வெடியில வெரல் போயிருக்குடி" என்றாள்.

குலவைச் சத்தம் எழுந்தது. அப்படி ஒரு குலவையை நான் அந்தக் காம்பவுண்டில் கேட்டதே இல்லை. அழுதுகொண்டே போட்டார்கள். விரல் பள்ளங்களில் மஞ்சளைத் தடவினார்கள். கட்டையாக இருந்த விரல் தடத்துக்கு மட்டும் தனியாக ஒரு பூ வைத்தார்கள். செல்லத்தாய் மதினி மட்டும் குலவை போடாமல் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடோனுக்குள் அவர் தன் வலது கையை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு பக்கத்துப் பிரஸ்களிலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வெடியில் விரல்கள் போன ஒருவரை அவர் மனைவி கூட்டிக்கொண்டுவந்து, அந்தத் தடத்தில் கை வைக்கச் சொன்னாள். என்னோடு டீக்கடையில் இருந்த அவர் அதைப் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னைக்குச் சொல்லிரப் போறேன் அண்ணாச்சி. இதுக்கு மேல என்னால முடியாது. கூட வாங்க."

மத்தியானம். மதினி வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டப்பா, இரை, சட்டை, மூன்று செக்‌ஷன், வராமல் போன அடுத்த ஷிப்ட், ரூமுக்குள் பட்டினி கிடந்த ராணி, மழை, மண். மதினி கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்தார்.

"கையக் காட்டுங்க சார்."

காட்டினார்.

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லக்கா. சின்னப் பிள்ளையில."

"எங்க வீட்டு ஆளுக்கு ரெண்டு இல்ல. அந்த மனுசன் சோறு பெசஞ்ச தட்டத் தினம் கழுவுறேன். கட்டையாப் போன வெரல் தடம் எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீக?"

மதினி பைண்டிங் ஷெட்டைக் காட்டினார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "அந்தப் பிள்ளைகளைப் பாருங்க. அம்மனுக்கே வெரல் போயிருக்கு, நம்ம பாடு அவளுக்குத் தெரியும்னு வருதுக. ஆம்பளைகள அனுப்பிட்டு இம்புட்டு நிம்மதியா இதுக வேலை பாத்து நான் கண்டதில்ல. அதுககிட்டப் போயி என்ன சொல்லப் போறீக? செக்‌ஷனா?"

"சொல்லாம வைக்கக் கூடாதுக்கா. அது…"

"என்கிட்டச் சொல்லிட்டீகள்ல? நான் கேட்டுக்கிட்டேன்."

முதலாளி சொன்ன அதே வார்த்தை. அவர் தலை தானாக நிமிர்ந்தது. மதினிக்கு அது தெரியாது. டிபன் மூடியை அழுத்தி மூடிக்கொண்டே எழுந்தார்.

"அடுத்த மழைக்கு முந்தி வந்துருங்க சார். கரண்டி கிரண்டி கொண்டாராதீக. அந்தக் கையாலயே பூசுங்க. கொழுந்தனாரே, சாருக்குக் கொஞ்சம் மண்ணு நனைச்சு வைங்க."

அவர் வந்தார். அந்த மருந்துக் கம்பெனியை விட்டு வேறு வேலைக்குப் போன பிறகும், மேகம் கறுத்தால் சூலக்கரையிலிருந்து மொபெட் வந்துவிடும். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட வந்து பூசிவிட்டுப் போனார். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே போனது. கம்பெனியை விடும் முன் டீக்கடையில் கடைசி முறை மருந்து வைத்தபோது, ஒரு வார்த்தை இல்லாமல் அலமாரிக்கு அடியில் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு எழுந்தார். "என்ன சார், இன்னைக்குப் பிரசங்கம் இல்லையா?" என்று மாஸ்டர் கேட்டார். "மருந்துதான் மாஸ்டர்" என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

முதுகுவலி வந்து நான் அந்தக் குடோனை விட்டு வருஷங்கள் ஆகின்றன. விடுவதற்கு முன்னால் பெய்த மழையில்தான் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். புற்றின் உச்சியில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. நான் நனைத்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் உடனே வாங்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். குனிந்து, ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்தார். டீக்கடையில் பேசுவாரே, அதே தெளிவான குரல்.

"அடைக்கப் போறேன். உள்ள யாராவது இருந்தா இப்பவே சொல்லிருங்க."

முகத்தைத் திருப்பிக் காதை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.